குழாய், ஊருணி, கேன்: எது எப்போது கைவிடும்?

குடிநீரைப் பற்றிய அரசுக் கணக்குகள் பெரும்பாலும் இணைப்புகளின் எண்ணிக்கையில் முடிந்துவிடுகின்றன. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியாக, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. நகரத்துக்கான திட்ட அளவோ 135 லிட்டர். உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து வகுத்த அளவுகோலின்படி, பாதுகாக்கப்பட்ட ஓர் ஆதாரத்துக்குப் போய், வரிசையில் நின்று, நீர் எடுத்துத் திரும்ப 30 நிமிடத்துக்கு மேல் ஆகாவிட்டால் அது அடிப்படைக் குடிநீர் வசதி. போய்வரும் நேரத்தை அளக்கும் இந்தக் கோல், நான்கு நாளைக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் விடப்படும் தெருவைக் கண்டுகொள்வதில்லை. எனவே எது வீட்டுக்குப் பக்கம் என்பதைவிட, எது எப்போது நின்றுபோகும், நின்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில், ஆற்று நீரைப் பல ஊர்களுக்குக் குழாயில் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பற்களில் கறையாகப் படிந்து, நாளடைவில் எலும்பையும் வளைக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அங்கே 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்துக்கு மாற்று என்று எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இராமநாதபுரத்தில் சிக்கல் வேறு: நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. திருச்சிக்கு அருகே காவிரிப் படுகையில் எடுக்கும் நீர், 2009 முதல் அந்த மாவட்டத்துக்குக் குழாயில் வருகிறது. நல்ல நீர்தான், ஆனால் வழியில் மின்சாரம் நின்றாலும், குழாய் உடைந்தாலும், மேல்பகுதி வீடுகள் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினாலும், கடைக்கோடி ஊருக்குத்தான் முதலில் வறட்சி. குழாயில் அடைபடும் காற்றை வெளியேற்றும் சாலையோரத்து ஏர் வால்வு தொட்டியில் கசியும் நீரைச் சிறு கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களையும், குடங்கள் ஆடாமல் நிற்கச் சட்டம் அடித்த தள்ளுவண்டிகளையும் அப்பகுதியில் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். காவிரி நீர் ஊருக்குள் வராதபோது, அதே காவிரி நீர் ஊருக்கு வெளியே ஒழுகுவதை நம்பி நிற்பவர்கள் அவர்கள்.

இதற்கு நேரெதிர் வழி, ஊரின் குடிநீர்க் குளமான ஊருணி. மழைநீர் ஓடி வரும் வரத்துக்கால், சுற்றிலும் கரை, கால் கழுவவும் மாடு இறங்கவும் தடை. இவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். கலங்கலாக இருந்தால் குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி விட, சிறிது நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். இது கிருமியைக் கொல்லாது என்பதால் காய்ச்சியே குடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கோடைக்கு முன்பே தரை தெரிந்துவிடும். சுமந்து வரும் பாரமும் பெண்கள் தலையில்தான். ஊருணியைக் கொண்டாடுபவர்கள் இந்தக் குறைகளை ஏனோ எழுதுவதில்லை. ஆயினும் நீர் குறைவதை ஊரே கண்ணால் பார்க்கும்; எத்தனை வாரத்துக்கு வரும் என்று கரையில் நின்றே சொல்லிவிடலாம்; பழுதைச் சரிசெய்ய மண்வெட்டி போதும். குழாய் வந்த பிறகு பல ஊர்களில் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியது. குழாய் நின்ற நாளில் ஊருணியும் கைகொடுக்கவில்லை.

அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் கேன். நகரத்தின் அடுக்கக வாசலிலும் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் இன்று ஒரே 20 லிட்டர் கேன் நிற்கிறது, சிற்றூர்களில் ஆர்.ஓ. இயந்திரத்தில் உப்பு நீக்கிய நீரை வண்டியில் கொண்டுவந்து குடக்கணக்கில் விற்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு ஒரு கேன், விலை 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,050 ரூபாய். நூறு நாள் வேலையில் ஏறத்தாழ மூன்று நாள் கூலி. விற்பவர் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர், கரைந்த உப்பின் அளவை மட்டுமே சொல்லும். கேனுக்குள் கிருமி இருந்தாலும் அதில் அதே அழகான எண்தான் தெரியும். உப்பைப் பிரித்தெடுக்கும்போது மிஞ்சும் கழிவுநீர் எங்கே போகிறது என்று வாங்குபவர் கேட்பதில்லை. அது சில இடங்களில் நீர் எடுத்த அதே மண்ணுக்குத் திரும்புகிறது.

சென்னைக்கு வழிகள் அதிகம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீர், வீராணம், மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் வந்த ரயில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. படம் பிடிக்க ஏற்ற காட்சிதான். ஆனால் மீஞ்சூர் நிலையத்தின் ஒரு நாள் கொள்ளளவான 10 கோடி லிட்டரோடு வைத்துப் பார்த்தால், அது நாற்பதில் ஒரு பங்கு. கடல்நீர் மழையை நம்பியில்லை. பதிலாக, ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக்கு அந்தச் செலவு இல்லை. கூரை நீர் இறங்கும் குழியை ஆண்டுக்கொரு முறை தூர்வாரினால் போதும். அதைச் செய்யும் வீடுகள் குறைவு.

ஆனால் நகரத்திலும், தரைக்கடியில் தொட்டியும் மோட்டாரும் உள்ள வீட்டுக்குத் தண்ணீர் எந்நேரம் விட்டாலும் கவலையில்லை. லாரி வரும் நேரத்துக்குத் தெருமுனைத் தொட்டியடியில் குடத்தோடு நிற்பவரோ அன்றைய வேலையை இழக்கிறார். அவருடைய நிலை சென்னை அடுக்ககவாசியைவிடக் கடைக்கோடிக் கிராமத்துப் பெண்ணின் நிலைக்கே நெருக்கமானது.

என் வரிசையில், ஃபுளோரைடும் உப்பும் உள்ள இடத்தில் குழாயே முதலிடம். அதற்குத் துணையாக ஊருணியோ கிணறோ உயிரோடு இருக்க வேண்டும். கேன் அவசரத்துக்கு மட்டும். நீர் வராத நாளில் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரைக் கேட்டால், மேலேயிருந்து தண்ணீர் ஏறவில்லை என்பார். அவர் சொல்வது உண்மையும்கூட, ஏனெனில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் என்ன உடைந்தது என்பது அவருக்கும் தெரியாது. கேன்காரரின் போன் எடுக்கப்படாது. வரத்துக்கால் அடைபட்டிருந்தால் மட்டும் ஐப்பசி மழைக்கு முன் பத்துப் பேர் இறங்கி வெட்டிவிடலாம்.