ஐந்து வருடமாக என் மேசையில் ஓடும் கீற்றணி அலைநடத்தி

எங்கள் ஆய்வகத்தில் ருபீடியம் அணுக்களோடு வேலை. அதற்கு 780.24 நானோமீட்டர் ஒளி வேண்டும். அந்த நிறத்திலேயே லேசர் கிடைக்கும்தான். ஆனால் தொலைத்தொடர்புக்காக உருவான 1560 நானோமீட்டர் லேசரும் ஒளியிழைப் பெருக்கியும் மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடக்கூடியவை. அந்த ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கினால் ருபீடியத்துக்கு வேண்டிய நிறம் கிடைத்துவிடும். அந்த வேலையைத்தான் கீற்றணி அலைநடத்தி, அதாவது லித்தியம் நியோபேட் படிகத்தில் ஒளியை நடத்திச் செல்லும் மெல்லிய தடம், செய்கிறது. 1 செ.மீ. நீளத்தில் ஒன்று, 4 செ.மீ. நீளத்தில் ஒன்று என்று இரண்டை இத்தனை வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன்.

கீற்றணி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிகத்துக்குள் 1560-உம் 780-உம் ஒரே வேகத்தில் போவதில்லை. சுமார் 9 மைக்ரோமீட்டர் தாண்டியதும் புதிதாகப் பிறக்கும் சிவப்பு ஒளி, ஏற்கெனவே பிறந்ததற்கு எதிர்க் கட்டத்தில், அதாவது அதன் ஏற்றத்துக்கு இறக்கமாக, வந்து அதை அழிக்கத் தொடங்கும். சரியாக அந்த இடத்தில் படிகத்தின் மின்முனைத் திசையைப் புரட்டி வைத்தால், அழிக்க வந்தது கூட்டலாக மாறிவிடும். இப்படி 18, 19 மைக்ரோமீட்டருக்கு ஒரு சுற்று என்று கடைசிவரை புரட்டிக்கொண்டே போவதுதான் இந்தக் கீற்றணி. 1962-லேயே இயற்பியலாளர் ப்ளூம்பெர்கனும் அவருடைய சகாக்களும் எழுதிய யோசனை இது. இதனால் படிகத்தின் மிக வலுவான நேரியலற்ற குணகத்தையே (ஒரு நிற ஒளியை இன்னொரு நிறமாக மாற்றும் வலிமையின் அளவு) பயன்படுத்த முடிகிறது. ஒளி அதிரும் திசைக்கேற்ப படிகத்தில் அதன் வேகம் மாறும் இரட்டை ஒளிவிலகலை நம்பிச் செய்யும் பழைய முறையோடு ஒப்பிட்டால், மாற்றும் திறன் பத்து மடங்குக்கு மேல்.

அதோடு அலைநடத்தியும் சேரும்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரிகிறது. வெறும் படிகத்தில் ஒளியைக் குவித்தால் கொஞ்ச தூரத்தில் விரிந்துவிடும். அலைநடத்தியோ சில மைக்ரோமீட்டர் அகலத்துக்குள் முனையிலிருந்து முனைவரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. முன்பு எங்களிடம் இருந்த 4 செ.மீ. வெறும் படிகத்தில் 100 மில்லிவாட் செலுத்தினால் அரை மில்லிவாட்கூட வராது. 4 செ.மீ. அலைநடத்தியில் உள்ளே போகும் 100-க்கு 45 வருகிறது. முதல் நாள் பவர் மீட்டரில் அதைப் பார்த்தபோது இருந்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆனால் நீளம் விஷயத்தில் அவசரப்படாதீர்கள் என்று வாங்கப் போகிறவர்களிடம் அழுத்திச் சொல்வேன். நீளம் நான்கு மடங்கானால் திறன் பதினாறு மடங்காகும் என்பது சூத்திரம். அதே 100 மில்லிவாட்டுக்கு 1 செ.மீ. துண்டு 5 மில்லிவாட் தந்தது. அந்தக் கணக்கில் 80 வர வேண்டும். வராது. உள்ளே போகும் ஒளியே பாதிவரை தீர்ந்துவிடுவதால் வளர்ச்சி தானாக அடங்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், ஏற்கும் அலைநீள வரம்பு நீளத்துக்கு எதிர்விகிதத்தில் சுருங்குகிறது. 1 செ.மீ. துண்டில் அது 1 நானோமீட்டரை ஒட்டி இருந்தது, 4 செ.மீ. துண்டில் கால் நானோமீட்டர்தான். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அந்த வரம்பு சுமார் 0.1 நானோமீட்டர் நகரும் என்பதால், வெப்பநிலையில் நமக்குக் கிடைக்கும் இடம் இரண்டு மூன்று டிகிரி மட்டுமே. இப்போது தேர்வு செய்யச் சொன்னால் 2 செ.மீ. கேட்பேன்.

தினசரி வாழ்க்கை முழுக்க வெப்பநிலையோடுதான். சக்தியைக் கூட்டினால் அலைநடத்தி தன் ஒளியாலேயே கொஞ்சம் சூடாகிவிடும். அப்போது சூடேற்றியைச் சற்றுக் குறைத்து வைத்தால்தான் உச்சம் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு சக்திக்கும் எந்த வெப்பநிலை என்று ஒரு அட்டவணை எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன், மிகவும் உதவுகிறது. அப்புறம், சூடேற்றுவதையும் குளிர்விப்பதையும் நிமிடத்துக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் செய்யாதீர்கள். லித்தியம் நியோபேட்டில் வெப்பநிலை சட்டென்று மாறினால் மேற்பரப்பில் மின்னூட்டம் சேரும். ஒருமுறை வேகமாக ஏற்றிவிட்டு, வெளிவரும் ஒளி நிலைக்காமல் ஆடியதைப் பல மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது மெக்னீசியம் கலந்த படிகம். நீங்களும் அதையே கேளுங்கள். கலக்காத படிகத்தில் வலுவான சிவப்பு ஒளி ஒளிவிலகல் எண்ணையே மெல்ல மாற்றிவிடும். முழுச் சக்தியில் ஓடும்போது அலைநடத்தி நெடுக மங்கலான பச்சைக் கோடு ஒன்று தெரியும். பயப்பட வேண்டாம். 1560-உம் 780-உம் கூடி 520 நானோமீட்டர் பிறக்கிறது, அவ்வளவுதான். இருட்டில் பார்க்க மிக அழகாக இருக்கும், ஆனால் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்காதீர்கள்.

இன்னொரு வகைக் கீற்றணியையும் சில மாதம் முயன்றோம். ஒளியைத் திருப்பி எதிரொளிக்கும் அளவுக்கு நெருக்கமாக, நூற்றுக்கணக்கான நானோமீட்டர் இடைவெளியில் வெட்டிய கீற்றணி அது. அது உள்ளே விடாமல் திருப்பிவிடும் அலைநீள வரம்பான தடைப்பட்டையின் ஓரத்தில் ஒளி மெதுவாகி, செறிவு கூடி, நேரியலற்ற விளைவு பெருகுகிறது. பெருகியதை நாங்களும் அளந்தோம். ஆனால் அதே ஓரத்தில்தான் இழப்பும் கூடுகிறது, வரம்பும் குறுகுகிறது. ஆராய்ச்சிக்கு நல்ல விஷயம், தினமும் ஓட வேண்டிய கருவிக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மூன்றாவது வருடத்தில் 4 செ.மீ. துண்டின் வெளியீடு கணிசமாகக் குறைந்தது. கீற்றணி கெட்டுவிட்டதோ என்று கலங்கினேன். குறைந்த சக்தியில் வெப்பநிலையை மெல்ல நகர்த்தி, வெளியீடு எப்படி மாறுகிறது என்று வளைவு எடுத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு உச்சம், இரு பக்கமும் சமமான சிறு மேடுகள். முதல் மேடு உச்சத்தில் 5 சதவீதத்தை ஒட்டி. வாங்கிய வாரத்தில் எடுத்த வளைவின் மேல் வைத்தால் வடிவம் அப்படியே பொருந்தியது. குறை, ஒளியிழையைப் படிகத்தோடு ஒட்டிய பசையில். அது நகர்ந்து, உள்ளே போகும் ஒளியையே குறைத்திருந்தது. விற்ற நிறுவனம் திரும்ப ஒட்டித் தர ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. அதுவரை 1 செ.மீ. துண்டை வைத்து ஓட்டினோம்.

அந்த வளைவை வாங்கிய உடனே எடுத்து வைத்திருந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் காரணம் பிடிபட்டது. புதிதாக வாங்குபவர்கள் விற்பவரிடமும் அதைக் கேட்டு வாங்குங்கள். பக்க மேடுகள் ஒருபுறம் மட்டும் பெருத்திருந்தால், அலைநடத்தி நெடுகச் சீராக இல்லை என்று அர்த்தம். அந்தத் துண்டை எடுக்காதீர்கள்.