கனடா பி.ஆர். ஃபைலுக்குப் போலி அனுபவக் கடிதம் கொடுத்து 85,000 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு (பி.ஆர்.) போட்டிருப்பவர்கள், அதிலும் பழைய கம்பெனியிடம் அனுபவக் கடிதம் வாங்க முடியாமல் தவிப்பவர்கள், தயவுசெய்து படியுங்கள். ஆத்திரத்தில் கை நடுங்க எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

கோவை சரவணம்பட்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். 2021ல் அதை மூடிவிட்டார்கள். கையில் இருப்பது பதவியும் தேதியும் மட்டும் போட்ட ரிலீவிங் லெட்டர். கனடாக்காரர்களுக்கு அது போதாது. என்னென்ன வேலை செய்தோம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், சலுகைகள் எல்லாம் லெட்டர்ஹெட்டில் எழுதி, மேலதிகாரியோ எச்.ஆரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். விண்ணப்பிக்கச் சொல்லி கனடாவிலிருந்து அழைப்பு வந்ததிலிருந்து 60 நாளில் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். இழுத்து மூடிய கம்பெனியில் யாரிடம் போய் நிற்பது?

அப்போதுதான் ஊரிலேயே இருக்கும் ஒரு வெளிநாட்டுக் குடியேற்றக் கன்சல்டன்சிக்குப் போனேன். அங்கிருந்த பெண்ணுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். ஃபார்ம் 16, பே ஸ்லிப், பி.எஃப். பாஸ்புக், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று ஒவ்வொன்றாக வாங்கி, வருஷவாரியாக மேசையில் அடுக்கினாள். "மேடம், நீங்க வேலை பார்த்ததுக்கு இவ்வளவு ஆதாரம் இருக்கே, லெட்டர் இல்லைன்னா என்ன? பழைய மேனேஜர்கிட்ட நோட்டரி அஃபிடவிட் வாங்கி, ஏன் லெட்டர் கிடைக்கலைன்னு விளக்கக் கடிதம் வெச்சா போதும். எங்க வக்கீல் பார்த்துக்குவார்" என்றாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. நான் படித்து வைத்திருந்ததும் அதேதான். அதனால்தான் நம்பினேன். உண்மையைச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார்கள்.

முதலில் 35,000, பிறகு "வக்கீல் ஃபீஸ்" என்று 50,000. மொத்தம் 85,000 ரூபாய். சீட்டைத் தள்ளி எடுத்த பணம்.

ரொம்ப நாள் இழுத்தடித்து ஒரு பி.டி.எஃப். அனுப்பினார்கள். அஃபிடவிட்டும் இல்லை, விளக்கக் கடிதமும் இல்லை. என் பழைய கம்பெனியின் பெயரில் ஒரு லெட்டர்ஹெட்! 2021ல் மூடிய கம்பெனி இந்த வருஷத் தேதியில் எனக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. அங்கே இல்லவே இல்லாத ஒரு எச்.ஆர். மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேலை விவரம் முழுக்க எந்த வேலைக்கு என்னென்ன பொறுப்பு என்று கனடா அரசு வைத்திருக்கும் என்.ஓ.சி. பட்டியல் பக்கத்திலிருந்து வரிக்கு வரி எடுத்தது. இதை ஏற்றிப் பிடிபட்டால் தவறான தகவல் கொடுத்ததாக ஐந்து வருஷத் தடை விழும். "ஏஜென்ட் செய்தார்" என்று சொல்லித் தப்ப முடியாது, தடை விண்ணப்பித்தவர் மேல்தான்.

போன் செய்து கத்தினேன். "எல்லாரும் இப்படித்தான் மேடம் போடறாங்க, அங்க யாரும் கூப்பிட்டு செக் பண்ண மாட்டாங்க" என்கிறாள் அதே பெண். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். அக்கவுண்ட்ஸில் கேளுங்கள். அக்கவுண்ட்ஸில் கேட்டால் கவுன்சிலரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனால், "டாக்குமென்ட் தயாரிச்சுக் கொடுத்துட்டோமே, அந்தக் கட்டணம் ரீஃபண்ட் ஆகாது" என்று அக்ரிமென்டில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டுகிறார்கள். பொய்க் கடிதம் தயாரிக்க 85,000 ரூபாயா?

அவர்கள் செய்வதாகச் சொன்ன வேலையை இப்போது நானே செய்துகொண்டிருக்கிறேன். பழைய மேனேஜர் சார் பெங்களூரில் இருக்கிறார். கேட்டதும் நோட்டரியிடம் போய், என் வேலையைத் தன் சொந்த வார்த்தையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானும் அங்கே இருந்ததற்கு அவருடைய ரிலீவிங் லெட்டர் நகலையும் சேர்த்துக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் கம்பெனி பிடித்த வரி, கம்பெனி பெயரோடும் அதன் வரிப் பிடித்த எண்ணோடும் (டேன்) இருக்கிறது. பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் கம்பெனி கட்டிய பணம் இருக்கிறது. பழைய டைரக்டருக்கு நான் அனுப்பித் திரும்பி வந்த மெயிலைக்கூட விளக்கக் கடிதத்தோடு வைக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். 60 நாள் கெடு ஓடுகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். காசு வாங்கும் கன்சல்டன்ட் லைசென்ஸ் நம்பர் சொன்னால், கன்சல்டன்ட்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் கனடாவின் சிஐசிசி அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். உங்கள் பிரதிநிதியாக 5476 படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன், நீங்களே விண்ணப்பித்த மாதிரி இருக்கட்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். தனி ஆளின் யுபிஐக்குப் பணம் போடாதீர்கள், பில் கேளுங்கள். உங்கள் கனடா விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிவு செய்துவிட்டேன். நாளை போலி லெட்டரைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கமிஷனர் ஆபீஸ் போகிறேன். இதே மாதிரி கடிதம் கோவையில் வேறு யாருக்காவது வந்திருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.