இன்வெர்ட்டர் மாட்ட வந்தவர் எர்த் வயரை டேப் சுற்றி ஒளித்துவிட்டுப் போனார்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்டையார்பேட்டையில் இருட்டில் கிடந்ததை அம்மா மறக்கவே இல்லை. இந்த வருடம்தான் இன்வெர்ட்டர் வாங்க முடிந்தது. கடை ஆளே வந்து மாட்டினார். பில்லில் 'வயரிங், எர்த்திங்' என்று தனியாக 1,500 ரூபாய்.

மாட்டி முடித்து ஹால் லைட்டைப் போட்டதும் மெயின் பெட்டியில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. "இன்வெர்ட்டர் போட்டா இப்படித்தான் சார். பேட்டரி 12 வோல்ட்டுதானே, ஷாக்லாம் அடிக்காது" என்றவர், பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் ஏதோ செய்தார். அப்புறம் விழவில்லை. நானும் நம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி கரண்ட் போனது. துணி அலசிவிட்டு ஈரக்கையோடு வந்த அம்மா இன்வெர்ட்டர் மேல் கை வைத்தார். அலறிக்கொண்டு கையை உதறினார். முழங்கை வரை இழுத்ததாம். அன்றைக்கு அவர் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மறுநாள் எங்கள் தெரு வயர்மேன் பெரியவரைக் கூட்டி வந்தேன். ஆர்சிசிபியில் 'டி' (டெஸ்ட்) பட்டனை அழுத்தச் சொன்னார். லீவர் அசையவே இல்லை. அதிலிருந்த வயர்களைக் கழற்றி நேராக இணைத்துவிட்டு, வெறும் டப்பாவை விட்டுப் போயிருக்கிறார் அந்த ஆள். இன்வெர்ட்டர் பின்னால், கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய பச்சை எர்த் வயர் எங்கும் மாட்டப்படாமல், டேப் சுற்றி மடித்துச் சொருகியிருந்தது.

பேட்டரி 12 வோல்ட்தான், ஆனால் இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவது 230 வோல்ட். ஆர்சிசிபி விழுந்ததற்கும் இன்வெர்ட்டர் காரணமில்லை. இன்வெர்ட்டருக்குப் பேஸை (கரண்ட் வரும் வயர்) ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுத்து, லைட்டுகளின் நியூட்ரலை (கரண்ட் திரும்பும் வயர்) மட்டும் அதன் வழியாகத் திரும்ப விட்டிருந்தார். போகிற கரண்டும் வருகிற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே அது விழும். விழத்தான் வேண்டும்.

பெரியவர் இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுத்து, அவுட்புட்டில் இன்னொரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டார். பேட்டரியில் ஓடும்போது மெயின் பெட்டியில் இருப்பது காப்பாற்றாது. பேட்டரியில் ஓடும்போதும் நியூட்ரலுக்கு எர்த் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். அது இல்லையென்றால் புது ஆர்சிசிபியும் வீண். அதற்காக வீட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் யாரும் தாங்களே முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. கடல் காற்றில் எர்த் பைப் கிளாம்ப் துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது, அதையும் மாற்றினோம்.

மாதம் ஒருமுறை 'டி' பட்டனை அழுத்திப் பாருங்கள். அது ஆர்சிசிபியைத்தான் சோதிக்கும், எர்த்தை இல்லை. எர்த்தை வயர்மேன்தான் அளந்து சொல்ல வேண்டும்.

கடையில் கேட்டதற்கு, "வாரன்ட்டியில வராது" என்று போனை வைத்துவிட்டார்கள். அதே ஆள் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் மாட்டியிருக்கிறார். நேரில் போய்ச் சொன்னேன். இரண்டு வீட்டில் பச்சை வயர் அதே மாதிரி டேப்போடு மடிந்து கிடந்தது.