வெள்ளவத்தை வகுப்பும் ஒரு துண்டு பட்டர் கேக்கும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு. மூன்று மாதம் போனேன். இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுழலும். ரயில் போனால் மிஸ் பேச்சை நிறுத்திவிடுவார். ஆனாலும் கொடுத்த காசு வீண் இல்லை.

'ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட் டூ' என்ற ஆங்கிலப் பழமொழி எனக்கு எப்போதும் குழப்பம். கேக் கிடைத்தால் சாப்பிடத்தானே? ஒபிசில் ஒருவரின் பிறந்தநாளுக்கு, வாழ்த்து என்று நினைத்து இதைச் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

இதை விளக்க மிஸ் ஒரு துண்டு பட்டர் கேக்கை மேசையில் வைத்தார். எங்கள் முன்னாலேயே, அவசரமில்லாமல், சாப்பிட்டு முடித்தார். விரலில் ஒட்டிய துகளையும் விடவில்லை.

"இப்ப கேக் இருக்கா?"

இங்கே 'ஹேவ்' என்றால் கையில் வைத்திருப்பது. 1546இல் ஆங்கில எழுத்தாளர் ஜோன் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் சாப்பிடுவது முதலில், வைத்திருப்பது பிறகு. அந்த வரிசையில் சொன்னால் சட்டென்று விளங்குகிறது. நம்முடைய 'கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை'தான், வேறென்ன!

ஒரே குறை, எங்களுக்கு ஒரு துண்டும் தரவில்லை.