சைலன்சர் ஓட்டைக்கு வெள்ளிப் பெயிண்ட்: கடலோரம் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

"ஓட்டையான பைப்பை அறுத்துட்டுப் புதுசு வெச்சு வெல்டிங் அடிச்சாச்சு" என்று சொல்லி காரைத் திருப்பிக் கொடுத்தால், காசு எண்ணிக் கொடுக்கும் முன் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டறை பெயரைப் போடப்போவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மண்டபம். உப்புக் காற்றில் இந்தப் பக்கம் எந்த வண்டிக்கும் அடிப்பாகம்தான் முதலில் போகும். சைலன்சர் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் பைப் நன்றாகச் சூடேறும் முன்பே என்ஜினை நிறுத்திவிடுவதால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். என் காரில் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே நடுப் பைப்பில் ஓட்டை. ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"அண்ணே, அஞ்சு வருசத்துக்கு நீங்க இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க வேணாம்" என்றார் பட்டறைக்காரர். பில் 3,800 ரூபாய். சத்தம் நின்றிருந்தது, பைப்பில் வெள்ளிப் பெயிண்ட் பளபளத்தது.

அதற்குப் பிறகு பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் வீட்டம்மாவுக்குத் தலைவலி, பின்சீட்டில் மகளுக்குக் குமட்டல். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டால் அதிகமாகும், இறங்கிக் காற்றில் நின்றால் சரியாகிவிடும். வெயில், பித்தம் என்று எதையாவது சொல்லலாம். ஆனால் சைலன்சர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது; தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றுதான் அது தெரியவரும். அளவு மிஞ்சினால் ஆளையே முடித்துவிடும்.

ராமநாதபுரத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பெயிண்டைச் சுரண்டினார். கீழே எம்-சீல், அப்பியவனின் விரல் ரேகையோடு வெடித்துக் கிடந்தது. அதற்கும் கீழே எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றிய தகரம், மேலே கட்டுக்கம்பி. தகரத்தை விரித்தால் பாதி கருகிய அச்சில் "15 கி" வரை படிக்க முடிந்தது. "வெல்டிங் ராடு இந்தப் பைப்பைத் தொட்டதே இல்ல தம்பி" என்றார்.

தகரம் சுற்றுவதே குற்றம் என்று சொல்லவில்லை. ஓட்டை சின்னதாக, சுற்றியுள்ள தகடு கெட்டியாக இருந்தால், துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சூடு தாங்கும் சைலன்சர் பேஸ்ட் தடவி, தகரம் சுற்றி இரண்டு பக்கமும் கிளாம்ப் முடுக்கலாம். கண்ணாடியை இறக்கிவிட்டு அடுத்த பட்டறை வரை ஓட்ட அது போதும். தற்காலிகம் என்று சொல்லி நூறோ இருநூறோ வாங்கியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. எம்-சீல் தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் நல்ல சாமான். சைலன்சர் சூட்டுக்கு ஆகாது. தகடு நைந்திருந்தால் வெல்டிங்கும் நிற்காது, ஓட்டைதான் பெரிதாகும். என்ஜினை ஒட்டிய பக்கம் கசிந்தால் ஒட்டு வேலைக்கே ஒத்துக்கொள்ளாதீர்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று நுழைந்து சென்சாரை ஏமாற்றும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

சோதிப்பது சுலபம். திறந்த வெளியில், என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மடித்த கனத்த துணியால் வால் பைப்பைச் சில விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓட்டை இருந்தால் அடியில் "உஸ்" என்று கேட்கும்.

பெரியவர் பைப்பை அறுத்து மாற்றி, பழைய துண்டைக் கையில் கொடுத்தார். மாற்றினேன் என்று யார் சொன்னாலும் அந்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. முதல் பட்டறைக்காரர் "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழட்டிட்டா மைலேஜ் கூடும்ணே" என்றும் சொல்லிப் பார்த்தார். புகையில் உள்ள நச்சைக் குறைக்க சைலன்சர் பைப்பில் வைத்திருக்கும் பாகம் அது. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்று விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. பழைய இரும்பு விலைக்குப் போகிற பொருள் அல்ல. அக்கறை எதில் என்று உங்களுக்கே புரியும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நீங்க சும்மா ஒட்டத்தானே சொன்னீங்க" என்கிறார். பில்லில் அவர் கையாலேயே "வெல்டிங், புதுப் பைப்" என்று எழுதியிருக்கிறது. பில், தகரம், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்.