ஆறு கல்வாழைக் கிழங்குகளின் தொகுப்பு: ஒரு பருவம் வளர்த்துப் பார்த்தபின்

வீட்டுத் தோட்டத்தில் பளிச்சென்ற பெரிய பூக்கள் வேண்டும், ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பவர்களுக்குக் கல்வாழையைவிடப் பொருத்தமான வெப்பமண்டலச் செடி எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்த நம்பிக்கையில்தான் பிரிட்டோரியா, வயோமிங், கிளியோபாட்ரா ஆகிய வகைகளில் இரண்டிரண்டாக ஆறு கிழங்குகள் அடங்கிய தொகுப்பை ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து அஞ்சலில் வரவழைத்தேன்.

மரத்தூளில் பொதிந்து வந்த கிழங்குகளில் ஐந்து கெட்டியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று முளைக்கண்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆறாவது கிழங்கை விரலால் அழுத்தியதும் குழைந்து, புளித்த வாடை வீசியது. படம் எடுத்து அனுப்பினேன். மறுபேச்சின்றி மாற்றுக் கிழங்கு வந்து சேர்ந்தது.

உறையில் அச்சிட்டிருந்த வளர்ப்புக் குறிப்பை நம்ப வேண்டாம். நிழலிலும் நன்றாகப் பூக்கும் என்கிறது அது. ஆனால் நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் படாத கல்வாழையில் இலைதான் தழைக்கும். நடவு ஆழம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொழு உரம் கலந்த மண்ணில், முளைக்கண் மேல்நோக்கி இருக்கும்படி 8 செ.மீ. ஆழத்தில், 50 செ.மீ. இடைவெளி விட்டு நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். 11ஆவது வாரத்தில் முதல் பூங்கதிர் வெளிவந்தது.

வயோமிங்கின் செம்புநிற இலைகளுக்கு மேலே ஆரஞ்சுப் பூக்கள் எழுந்து நின்றது அழகுதான். எனினும் என்னைக் கட்டிப்போட்டது கிளியோபாட்ராவே. ஒரே கதிரில் ஒரு பூ செம்புள்ளிகள் தெளித்த மஞ்சளாகவும், அடுத்தது முழுச் சிவப்பாகவும், மூன்றாவது நேர்பாதியாகப் பிரிந்து இரு நிறத்திலும் மலர்ந்தன. பச்சை இலைகளிலும் அங்கங்கே கருஞ்சிவப்புப் பட்டைகள் ஓடின. இருவேறு திசுக்கள் ஒரே செடியில் இணைந்து வளர்வதால் நேர்வது இது. கல்வாழையில் இதழ்கள் என்று நாம் கொண்டாடுபவை உருமாறிய மகரந்தத் தாள்கள் என்பதையும், உண்மையான இதழ்கள் அவற்றின் அடியில் குறுகி ஒடுங்கியிருப்பதையும் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தால் காணலாம்.

பிரிட்டோரியாவில்தான் எனக்கு வருத்தம். இதன் இலைகளில் மஞ்சள் வரிகள் இயல்பாகவே இருக்கும். நடுநரம்பிலிருந்து விளிம்புவரை அவை ஒரே சீராக ஓடும். இரண்டில் ஒன்று அப்படியே வளர்ந்தது. மற்றொன்றிலோ வரிகள் விட்டுவிட்டுத் திட்டுத்திட்டாக வெளிறி, இலை முறுக்கி, விளிம்பு துருப்பிடித்தாற்போலக் கருகியது. இவை நச்சுயிரித் தாக்குதலின் அடையாளங்கள், இதற்கு மருந்தில்லை. வெட்டும் கத்தி வழியாகவும் நோய் அடுத்த செடிக்குப் பரவக்கூடும் என்பதால், அதைக் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்திவிட்டுக் கத்தியையும் கழுவித் துடைத்தேன். பண்ணைக்கு எழுதியபோது, வரிகள் அந்த வகையின் இயல்பு என்று மட்டுமே பதில் வந்தது. கிழங்குகளைப் பிரித்துப் பெருக்கி விற்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டாமா?

பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது என்பதால் அதை அடியோடு வெட்டிவிடுகிறேன். பக்கக் கன்றுகள் அடுத்தடுத்துக் கதிர்விட, எஞ்சிய ஐந்து செடிகளும் இன்றுவரை பூத்துக்கொண்டிருக்கின்றன. வயோமிங்கையும் கிளியோபாட்ராவையும் இவர்களிடம் மீண்டும் கிழங்காகவே வாங்குவேன். பிரிட்டோரியாவை மட்டும், இலை விரிந்த செடியாக நேரில் பார்த்த பிறகே வாங்குவேன்.