ஒன்பது வயது வாயில் இடம் போதுமா? பல்லளவைக் கணிக்கும் வழிகள் – ஓர் ஒப்பீடு

பள்ளிகளில் நடக்கும் பல் பரிசோதனை முகாம்களில் வாயைத் திறந்து காட்டும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பல்வரிசை ஏறத்தாழ ஒரே கட்டத்தில்தான் இருக்கும். கீழ்த்தாடையில் நான்கு நிரந்தர வெட்டுப்பற்கள் முளைத்து முடிந்திருக்கும். ஆறு வயதில் வந்த முதல் கடைவாய்ப்பல் இருபுறமும் ஊன்றி நிற்கும். நடுவே ஒரு பால் கோரைப்பல்லும் இரண்டு பால் கடைவாய்ப்பற்களும் இன்னும் விழாமல் இருக்கும். அந்த மூன்றின் அடியில், எலும்புக்குள், நிரந்தரக் கோரைப்பல்லும் இரண்டு முன்கடைவாய்ப்பற்களும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவை வெளியே வரும் நாளில் நிற்பதற்கு இடம் இருக்குமா என்பதுதான் பெற்றோர் "கிளிப் போட வேண்டி வருமா, டாக்டர்?" என்று கேட்கும் கேள்வியின் உட்பொருள். மேல்வரிசையில் பதினொன்று, பன்னிரண்டு வயதில் தாமதமாக வரும் கோரைப்பல், இடம் கிடைக்காதபோது வரிசைக்கு வெளியே ஏறித் தெத்துப்பல்லாக நிற்கிறது. அதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே கணிக்கப் பல வழிகள் உண்டு. அவை ஒரே விடையைத் தருவதில்லை.

கண்ணால் பார்த்து வகைப்படுத்துவது எல்லாவற்றிலும் எளிது. அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் வகுத்த முறைப்படி, மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்புற வெளிமுகடு கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் வெளிப்பள்ளத்தில் பொருந்தினால் கடைவாய்ப்பற்களின் உறவு சரியானது; அது முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாம் வகை, முன்னேறி நின்றால் மூன்றாம் வகை. நூறு பிள்ளைகளை ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடிக்க இதற்கு நிகரான வழி வேறில்லை. ஆனால் இது தாடைகளின் முன்பின் உறவைச் சொல்லுமே தவிர, வரவிருக்கும் பற்களின் அகலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒன்பது வயதில் கடைவாய்ப்பற்கள் பள்ளத்தில் பொருந்தாமல் முனைக்கு முனை சந்திப்பது மிக இயல்பானது என்பதால், அதை மட்டும் வைத்துக் குறை என்று எழுதிவிடுவதும் தவறு.

அகலத்தை அறிய அளவெடுக்க வேண்டும். அல்ஜினேட் என்னும் பதிவுப் பசையில் பதிவெடுத்து வார்த்த பிளாஸ்டர் மாதிரியில், வேர்னியர் காலிப்பரின் கூர்முனைகளை ஒரு வெட்டுப்பல்லின் இருபக்க விளிம்புகளிலும் வைத்துப் பார்த்தால் 5.4 மி.மீ., 5.8 மி.மீ. என்று ஓர் எண் வரும். பிளாஸ்டரில் ஒரு சிறு குமிழ் ஒட்டியிருந்தாலே அந்த எண் பிழையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பல்லையும் இரு முறை அளக்க வேண்டும். கீழ் வெட்டுப்பற்களையே அடிப்படையாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. அவை சீக்கிரம் முளைக்கின்றன, அளப்பது எளிது, அவற்றின் அகலத்துக்கும் இன்னும் முளைக்காத பற்களின் அகலத்துக்கும் ஓரளவு நிலையான தொடர்பு இருக்கிறது. மேல்வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்து நிற்கும் பக்க வெட்டுப்பல் ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடுவதால் அதை நம்ப முடியாது.

இந்த நான்கு அளவுகளைக் கொண்டு கணிக்கும் இரண்டு முறைகள் மாயர்ஸ் அட்டவணையும் தனாகா–ஜான்ஸ்டன் சூத்திரமும். முதலாவதில் நான்கின் கூட்டுத்தொகையை அட்டவணையில் தேடி, பெரும்பாலும் 75 விழுக்காட்டு நிகழ்தகவு வரிசையில் உள்ள எண்ணை, ஒரு பக்கத்தில் முளைக்கவிருக்கும் மூன்று பற்களின் கூட்டகலமாக எடுத்துக்கொள்கிறோம். 50ஐ எடுத்தால் கணிப்பு குறைந்துபோவதற்கும் கூடிப்போவதற்கும் சம வாய்ப்பு உண்டு. பற்களுக்கு இடையே சிறு இடைவெளி விழுவதைவிட நெரிசல் விழுவது தொல்லை என்பதால், கொஞ்சம் கூடுதலாகவே கணிக்கும் 75 தேர்ந்தெடுக்கப்பட்டது. 1974இல் வெளியான தனாகா–ஜான்ஸ்டன் முறைக்கு அட்டவணையும் வேண்டாம். கூட்டுத்தொகையில் பாதியுடன் 10.5 மி.மீ. சேர்த்தால் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்குத் தேவையான இடம், 11 மி.மீ. சேர்த்தால் மேல்தாடைக்கு. முகாமில் நிற்கும் மருத்துவர் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். இரண்டு முறைகளும் தரும் விடைகள் பெரும்பாலும் மிக நெருங்கியே இருப்பதால், இவற்றுக்குள் எது சிறந்தது என்று வாதிடுவதில் பயன் குறைவு. கைக்கு எளிதான சூத்திரமே எனக்குப் போதும்.

மூன்றாவது வழி எக்ஸ்ரே. எலும்புக்குள் இருக்கும் பல்லை நேரடியாக அளக்கலாம். ஆனால் படம் உண்மையைவிடச் சற்றுப் பெரிதாகக் காட்டும். அதைத் திருத்த ஓர் எளிய விகிதம் போதும். பால் கடைவாய்ப்பல் மாதிரியில் 9.9 மி.மீ., படத்தில் 10.9 மி.மீ. என்றால், அதே படத்தில் 7.9 மி.மீ. காட்டும் முன்கடைவாய்ப்பல்லின் உண்மை அகலம் ஏறத்தாழ 7.2 மி.மீ. ஆகும். இதற்குப் பல்லருகே படலம் வைத்து எடுக்கும் சிறிய எக்ஸ்ரேதான் ஏற்றது. முழுத்தாடையையும் காட்டும் ஓபிஜி படத்தில் பக்கவாட்டு உருப்பெருக்கம் இடத்துக்கு இடம் மாறுவதால் அகலம் அளக்க அது உதவாது. எல்லாப் பற்களும் இருக்கின்றனவா, ஏதேனும் பிறவியிலேயே இல்லையா என்பதற்கு அது இன்றியமையாதது. பல் எலும்புக்குள் திரும்பிக் கிடந்தாலும் அளவு பிழைபடும். கோரைப்பல்லில் இச்சிக்கல் அதிகம்.

மூன்றையும் ஒரே வாயில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒரு பிள்ளையின் கீழ் வெட்டுப்பற்கள் ஒழுங்காக நிற்கின்றன, அவற்றின் கூட்டுத்தொகை 22.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் பால்பற்கள் முழுமையாக இருப்பதால் 22.6 மி.மீ. இடம் இருக்கிறது. இடப்பக்கம் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி முன்கூட்டியே பிடுங்கப்பட்டதால், பின்னாலிருந்த நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னே சாய்ந்து 19.8 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சூத்திரப்படி ஒரு பக்கத்துக்குத் தேவை 21.75. வலப்பக்கம் 0.85 மீதம், இடப்பக்கம் 1.95 பற்றாக்குறை, மொத்தத்தில் 1.1 மி.மீ. குறைகிறது. எக்ஸ்ரேயில் மூன்று பற்களின் அகலம் 20.8 என்று வந்தால் வலப்பக்க மீதம் 1.8, இடப்பக்கப் பற்றாக்குறை 1.0, மொத்தத்தில் 0.8 மி.மீ. மிஞ்சுகிறது. ஒரு முறை இடம் போதாது என்கிறது, மற்றது போதும் என்கிறது. கண்ணால் வகைப்படுத்துபவரோ, இடப்பக்கக் கடைவாய்ப்பல் முன்னேறி நிற்பதால் அந்தப் பக்கம் கடி சரியாகவே பொருந்தியிருப்பதாக எழுதியிருக்கக்கூடும்.

சூத்திரமும் அட்டவணையைப் போல 75 விழுக்காட்டு நிலையை ஒட்டியதுதான்; ஆனால் அது கூடுதலாகக் காட்டுவதற்கு அந்தத் தேர்வு மட்டும் காரணமன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து வட்டாரத்தில், ஐரோப்பிய வம்சாவளியினரான 506 பேரின் பல் அளவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் அது. பல்லின் அகலம் இனத்துக்கு இனம், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மாறுவது. இந்தியாவில் பல பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தபோது, உண்மையைவிடக் கூடுதலாகக் கணிப்பதாகவே பெரும்பாலும் தெரியவந்தது. சிறுமிகளிடம் இந்த மிகை இன்னும் தெளிவாகத் தென்படக்கூடும். பெண்களின் பற்கள் பொதுவாகச் சற்றுச் சிறியவை, சூத்திரமோ இருபாலருக்கும் ஒரே எண்ணைச் சேர்க்கிறது. கிளீவ்லாந்து வாய்களின் சராசரியை நம்பி இங்குள்ள ஒரு பிள்ளையின் நல்ல பல்லைப் பிடுங்குவது எனக்குச் சற்றும் ஒப்புதலில்லை. ஆகவே முகாமில் யாரை மீண்டும் அழைப்பது என்று சலித்தெடுக்கச் சூத்திரம் போதும். கொஞ்சம் கூடுதலாகக் கணித்தாலும் அங்கே நட்டம் ஒரு மறுவருகைதான். பல்லை எடுப்பது, தாடையை விரிப்பது போன்ற முடிவு என்றால், கதிர்வீச்சு சிறிதளவு படினும் எக்ஸ்ரே இல்லாமல் அது கூடாது.

இங்கே கடிப் பொருத்தமும் கணக்குக்குள் வருகிறது. கீழ்த்தாடையில் பால்பற்கள் மூன்றும் தமக்குப் பின் வரும் மூன்றைவிடப் பக்கத்துக்குச் சராசரியாக 1.7 மி.மீ. அகலமானவை, மேல்தாடையில் இந்த மிச்சம் 0.9 மி.மீ. முனைக்கு முனை சந்திக்கும் கடைவாய்ப்பற்கள் பிற்பாடு சரியாகப் பொருந்துவதற்குக் கீழ்க் கடைவாய்ப்பல் இந்த மிச்சத்தில்தான் முன்னேறுகிறது. முன்பற்களின் நெரிசலைத் தீர்க்கவும் அதே மிச்சம்தான் கையிருப்பு. ஒரே இடத்தை இருமுறை செலவழிக்க முடியாது. நாக்குப் பக்கம் கம்பி வளைவு பொருத்திக் கடைவாய்ப்பல்லை நிறுத்தினால் நெரிசல் குறையும், கடி முனைக்கு முனையாகவே நின்றுவிடலாம்; விட்டுவிட்டால் கடி பொருந்தும், முன்பற்கள் நெரியலாம். எந்தச் சூத்திரமும் இந்தத் தேர்வைச் செய்து தராது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நிரந்தரப் பற்கள் வந்த பிறகுதான் போல்ட்டன் விகிதத்துக்கு வேலை வரும். இது இடத்தைக் கணிப்பதன்று; மேல், கீழ்ப் பற்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. சிறந்த கடிப் பொருத்தம் உள்ள 55 பேரை அளந்து 1958இல் போல்ட்டன் கண்டபடி, கீழ் முன்பற்கள் ஆறின் கூட்டகலம் மேல் ஆறின் 77.2 விழுக்காடு, பன்னிரண்டு பற்களைச் சேர்த்தால் 91.3. மேல் ஆறும் 46 மி.மீ. என்றால் கீழ் ஆறும் ஏறத்தாழ 35.5 இருக்க வேண்டும். கீழே 37 இருந்தால் 1.5 மி.மீ. கூடுதல், கிளிப் போட்டு எவ்வளவு நேர்த்தியாக வரிசைப்படுத்தினாலும் மேலே இடைவெளியோ கீழே நெரிசலோ மிஞ்சும். ஆங்கிள் வகைப்படி முதல் வகையாக இருக்கும் பிள்ளைக்கும் இப்படி நேரலாம். இதற்கும் மக்கள்தொகை வரம்பு உண்டு: 2000இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, போல்ட்டன் எண்கள் வெள்ளைப் பெண்களுக்கு மட்டுமே பொருந்துவதாகக் காட்டியது. எனினும் நம் முன்னே இருக்கும் பற்களையே இங்கு அளப்பதால், மேல் பக்க வெட்டுப்பல் ஆப்பு போலச் சிறுத்திருக்கும் பிள்ளையிடம் இந்த விகிதம் மிகத் தெளிவான வழியைக் காட்டுகிறது. கீழ்ப்பற்களைத் தேய்க்காமல், கம்பி போட்டுச் சரியான இடைவெளியை ஒதுக்கி, பல்நிறக் கலவையால் அந்தச் சின்னப் பல்லை அதற்குரிய அகலத்துக்கு வளர்த்துவிடலாம்.